கரிசலின் மாலைப்பொழுது: இளைப்பாறுதல் பற்றி ஒரு சரித்திரக் குறிப்பு

பகலெல்லாம் கணினிமுன் அமர்ந்து நிரல் எழுதியவருக்கும், தேர்வுக்காகப் பாடப்புத்தகத்தோடு மல்லுக்கட்டியவருக்கும் பொழுது சாய்ந்ததும் ஒரே கேள்விதான் எழுகிறது: இந்தக் களைப்பை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது? நடை, யோகம், இசை, உறக்கம், திரைப்படம் என்று விடைகள் பல உண்டு. அவற்றை மறுபடி அடுக்குவது நம் நோக்கமன்று. இந்தக் கேள்வியைக் கேட்க முடிவதற்கு முதலில் மாலை என்ற ஒன்று நம் கையில் இருக்க வேண்டும். அது எல்லாருக்கும், எல்லாக் காலத்திலும் வாய்த்ததா? விருதுநகர் மாவட்டத்தின் ஏழாயிரம்பண்ணையையும் அதைச் சுற்றியுள்ள கரிசல் நிலத்தையும் முன்வைத்து இதைச் சற்று விசாரித்துப் பார்க்கலாம்.

ஏன் ஏழாயிரம்பண்ணை? சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் சிவகாசிக்கும் எட்டிய தூரத்தில் இருக்கும் ஊர் அது. தீப்பெட்டியும் பட்டாசும் அப்பகுதியின் பிழைப்பு. பிறர் கொண்டாடுவதற்கான பொருளைச் செய்து தருவதே முழுநேரத் தொழிலாகிப்போன ஒரு வட்டாரம், தன் ஓய்வை எப்படிக் கழித்தது என்பது அக்கறையோடு கேட்க வேண்டிய கேள்வி என்று கருதுகிறோம்.

மண்ணுக்கடியிலிருந்தே தொடங்குவோம். ஏழாயிரம்பண்ணையிலிருந்து சில மைல் தொலைவில், வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டைக்கு அருகே விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் ஏராளமாகக் கிடைத்தன. ஒரு காலத்தில் அங்கே சங்கறுத்தும் மணி கோத்தும் வாழ்ந்த கைவினைஞர்கள் இருந்தனர் என்பதற்கு அவை சான்று. அவற்றோடு சேர்ந்து சுடுமண் ஆட்டக்காய்களும், உடைந்த பானையோட்டைத் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகளும் வெளிப்பட்டன. தொழிற்பொருளும் விளையாட்டுப் பொருளும் ஒரே குழியில் கிடைப்பது நம் சிந்தனையைத் தூண்டுகிறது. பகலில் வளையல் அறுத்த கைதான் மாலையில் காய் உருட்டியதா என்று நம்மால் நிறுவ முடியாது. ஆனால் உடைந்த பானையைக்கூட வீணாக்காமல் சில்லாக்கிக்கொண்ட மனத்தை நம்மால் அடையாளம் காண முடிகிறது. சில்லு எறிந்து கட்டம் தாண்டும் பாண்டியாட்டத்தை நம் தெருக்களில் கண்டவர்களுக்கு அந்த வட்டச் சில்லு அந்நியப் பொருள் அன்று.

அடுத்து பாளையக்காலம். ஏழாயிரம்பண்ணை தெற்கத்திப் பாளையங்களில் ஒன்று. 1799இல் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனோடு நின்றதன் விளைவாக நாகலாபுரம், காடல்குடி, கோலார்பட்டி முதலிய பாளையங்களோடு சேர்த்து இதையும் கும்பினி பறிமுதல் செய்தது. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பின், மேஜர் பானர்மன் பாளையக் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டான். கோட்டை போயிற்று, வேலும் வாளும் போயின. கதை மட்டும் போகவில்லை. கட்டபொம்மன் கதை பாட்டாகவும் கூத்தாகவும் கரிசல் ஊர்களின் இரவுகளில் தொடர்ந்து உயிர் வாழ்ந்தது. அந்தக் கதைப்பாடலைப் பேராசிரியர் நா. வானமாமலை பின்னாளில் பதிப்பித்தார். தோற்றவன் கதையை வென்றவனின் ஆட்சியில் விடிய விடியப் பாடுவதை வெறும் பொழுதுபோக்கு என்று நம்மால் தள்ளிவிட முடியவில்லை. வாயைத் திறக்க முடியாத பகலுக்கு அந்த இரவு ஒரு பதில்.

அக்காலத்து ஓய்வைப் பற்றி ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கரிசல் மானாவாரி நிலம். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைப்பு. தையில் கம்பும் சோளமும். மாசி தொடங்கிப் பருத்தி எடுப்பு. அதன்பின் கோடை உழவுவரை நிலத்தில் பெரிய வேலை கிடையாது. ஆகவே அந்தச் சம்சாரியின் ஓய்வு பருவத்தைச் சார்ந்தது. மழைக்காலத்தில் இரவு பகல் பாராத பாடு. வெயிற்காலத்தில் நீண்ட சும்மா. பங்குனிப் பொங்கலும் சித்திரைப் பொங்கலும் கொடையும் கூத்தும் அந்த இடைவெளியில்தான் வந்தன. ஒயிலாட்டத்துக்கு ஊர் இளவட்டங்கள் பழகியதும், கம்பளத்து நாயக்கர் தேவதுந்துபி முழங்கத் தேவராட்டம் ஆடியதும், நிலா வெளிச்சத்தில் கும்மி கொட்டியதும், மடத்துத் திண்ணையில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் கீறியதும் இந்தச் சும்மாவின் விளைச்சல்கள்.

இதை வைத்துப் பொற்காலம் ஒன்றைக் கற்பித்துவிடக் கூடாது. பனையேறுபவருக்குக் கோடைதான் உயிரைப் பணயம் வைக்கும் பருவம். எல்லாச் சாதியாரும் எல்லாத் திண்ணையிலும் உட்கார முடிந்ததில்லை. பெண்களுக்கோ பருவமும் இல்லை, பொழுதும் இல்லை. காட்டு வேலை முடித்து வந்தவள் உரலில் கம்பு குத்தி, புடைத்து, காய்ச்சி, எல்லாரும் உண்ட பின்னரே தரையில் சாய முடிந்தது. மாலை என்பது அவளுக்கு இன்னொரு வேலைநேரத்தின் பெயர்.

இப்போது 1923ஆம் ஆண்டுக்கு வருவோம். நம் விஷயத்துக்கு அந்த ஓராண்டு மிக முக்கியமானது.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று, சில மாதங்கள் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923இல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். அதே 1923ஆம் ஆண்டு மே முதல் நாள், சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மேதினத்தைக் கொண்டாடினார். நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையின் நினைவு நாள் அது. எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி ஓய்வு என்று நாளை மூன்றாகப் பகுக்கும் எண்ணம் ராபர்ட் ஓவனால் 1817 வாக்கில் இங்கிலாந்தில் முன்வைக்கப்பட்டது. அதே 1923 செப்டம்பரில், கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் என்ற சிற்றூரில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்தனர். ஆலையும், ஆலையின் நேரத்துக்கு வரம்பு கேட்ட குரலும், அந்த மண்ணின் சும்மா இருந்த பொழுதுகளை எழுத்தில் பிடித்துவைத்த இருவரும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்திருப்பது தற்செயல்தான். தற்செயலாயினும் மறக்க முடியாதது.

தீப்பெட்டித் தொழில் ஏன் இங்கே வேரூன்றியது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. வறண்ட காற்று குச்சியையும் மருந்தையும் விரைவில் உலர்த்தும். மழையில்லாததால் வேலையற்ற கைகள் மலிவாகக் கிடைக்கும். இரண்டாவது காரணத்தைச் சற்று உற்றுநோக்கினால், முன்பு நாம் கண்ட கோடைகாலத்துச் சும்மாவைத்தான் அது குறிக்கிறது என்பது விளங்கும். கூத்துக்கும் ஒயிலுக்கும் இடம் தந்த அதே ஓய்வுதான் இத்தொழிலின் முதற்பெரும் மூலப்பொருள். பஞ்ச காலங்களில் அந்த ஓய்வு பட்டினியாகவும் இருந்தது என்பதால், ஆலைக்குப் போனவர்களை யாரும் குறைசொல்ல முடியாது. காடு கைவிட்ட ஆண்டுகளில் கஞ்சி வார்த்தது 'தீப்பெட்டி ஆபீஸ்'தான். ஆலையை 'ஆபீஸ்' என்றே இன்றளவும் அழைக்கும் அந்த வழக்கில் ஒரு மரியாதையும், ஒரு கசப்பான நகையும் சேர்ந்தே தொனிக்கின்றன.

ஆனால் ஆபீஸின் கூலி நாட்கணக்கில் அமையவில்லை. இத்தனை கட்டை அடைத்தால் இவ்வளவு, இத்தனை குரோஸ் பெட்டி ஒட்டினால் இவ்வளவு என்பதே கணக்கு. ஒரு குரோஸ் என்பது 144 பெட்டி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், நாளொன்றுக்கு 9 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. துண்டுக்கூலிக்கு அந்த வரம்பு புரியவில்லை. ஆபீஸில் முடியாத வேலை வீட்டுக்கு வந்தது. அட்டையும் பசையும் லேபிளும் கட்டுக்கட்டாக வீட்டுத் திண்ணைக்கு வந்திறங்க, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குடும்பமே வட்டமாக அமர்ந்து பெட்டி ஒட்டியது. மின்சாரம் வந்து, மாவு மில் வந்து, உரலிலிருந்து விடுபட்ட பெண்ணின் கை அப்படியே பசைக்கிண்ணத்துக்குள் போயிற்று. மாலை மீண்டும் பறிபோயிற்று, இம்முறை ஆயுதம் எதுவுமின்றி.

மிகக் கொடிய பகுதி குழந்தைகளுடையது. 1983இல் ஸ்மிது கோத்தாரி 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் எழுதிய கட்டுரை, விடியலுக்கு முந்தைய இருட்டில் ஆலைப் பேருந்துகள் கிராமம் கிராமமாகச் சென்று குழந்தைகளை ஏற்றிக்கொண்டதையும், அவர்கள் இருட்டிய பின்பே வீடு திரும்பியதையும் நாடறியச் செய்தது. சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் 1990இல் வெளிவந்தது. 1986இல் குழந்தை உழைப்புத் தடைச் சட்டமும், 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தன. காலையும் மாலையும் இல்லாத ஒரு தலைமுறை, சூரியனை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே வீட்டு முற்றத்திலிருந்து பார்த்த ஒரு தலைமுறை, அங்கே வளர்ந்தது. ஓய்வைப் பற்றிப் பேசும்போது அவர்களை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

இத்தனைக்கும் நடுவில் அந்த மக்கள் தங்கள் களைப்பை எப்படித்தான் தீர்த்துக்கொண்டார்கள்?

முதல் விடை, வேலைக்குள்ளேயே. கட்டை அடைப்பவருக்கும் சரம் பின்னுபவருக்கும் விரல்கள்தான் வேலை செய்கின்றன. மனம் சும்மா இருக்கிறது. ஆகவே பாட்டு வந்தது, விடுகதை வந்தது, முந்திய வாரம் பார்த்த படத்தின் கதையைக் காட்சிக்குக் காட்சி சொல்லும் ஒருத்தி வந்தாள். பின்னர் வானொலி வந்தது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பரில் தொடங்கியது. அதற்கு முன்பே இலங்கை வானொலி இந்தப் பக்கத்தின் காதுகளைப் பிடித்துவிட்டது. பஞ்சாயத்து வானொலியின் முன் ஊர் கூடி அமர்ந்த மாலைகளை முதியோர் இன்றும் நினைவுகூர்கின்றனர். பெட்டி ஒட்டும் திண்ணையில் பாட்டுக் கேட்டுக்கொண்டே கையை ஓட்டலாம். கண்ணைக் கேட்காத கலை என்பதால் வானொலி உழைப்பவரின் தோழனாயிற்று.

இரண்டாம் விடை, இரவு. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடக மரபில் வந்த வள்ளி திருமணமும் பவளக்கொடியும் தென்மாவட்டத் திருவிழாக்களில் விடியவிடிய நடந்தன. பறிமுதலான அதே நாகலாபுரத்தில் பிறந்த மதுரகவி பாஸ்கரதாஸ் நாடகங்களுக்குத் தேசியப் பாடல்களை எழுதினார். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்துக்கும் அவரே பாட்டெழுதினார். அவருடைய நாட்குறிப்புகள் பின்னர் அச்சாகியுள்ளன. காடல்குடி ஜமீன் மரபில் வந்த விளாத்திகுளம் சுவாமிகளின் இசை அங்கே ஒரு தனிச் சரித்திரம். கோவில்பட்டியில் வந்து குடியேறிய காருகுறிச்சி அருணாசலத்தின் (1921–1964) நாதஸ்வரத்தைக் கேட்கக் கூடியவர்களில் சங்கீதம் கற்றவர்கள் மட்டும் இருக்கவில்லை, உழவரும் இருந்தனர். 1799இல் பாளையங்களை இழந்த ஊர்கள் 20ஆம் நூற்றாண்டில் பாட்டால் பேர்பெற்றன என்று சொன்னால் மிகையாகாது.

பிறகு டூரிங் டாக்கீஸ். பொழுது அடைந்தால்தான் படம் ஓட்ட முடியும் என்பதால் அது இயல்பிலேயே மாலைக்குரிய கலை. கூடாரத்து ஒலிபெருக்கியில் முதற்பாட்டு எழுந்ததும் சுற்றுப்பட்டு ஊர்களில் அடுப்பை அவித்துவிட்டுக் கிளம்புவர். மணல் குவித்து உட்கார்ந்து, சாத்தூர்க் காராச்சேவைக் கொறித்தபடி, மூன்று மணி நேரம் வேறொருவர் துன்பத்துக்காக அழுதுவிட்டு வந்தால் தன் துன்பம் சற்று இளகியிருக்கும்.

மூன்றாம் விடை, சொல். இதில் இலக்கிய வாசகர்களான நமக்கு நேரடிச் சம்பந்தம் உண்டு. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலியில் தம் வீட்டில் நடத்திய வட்டத்தொட்டி, வேலை முடித்து வந்தவர்கள் கம்பனைச் சுவைத்த மாலைக் கூட்டமே. கி.ரா.வும் அழகிரிசாமியும் டி.கே.சி.யின் அன்புக்கு ஆட்பட்டவர்கள். இருவரும் இடைசெவலில் புத்தகத்தோடும் சங்கீதத்தோடும் கழித்த பொழுதுகள் தமிழ்ச் சிறுகதைக்கு உரமாயின. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் நூலாக வந்துள்ளன; இரு நண்பர்களின் ஓய்வு எவ்வளவு செறிவாக இருக்க முடியும் என்பதற்கு அந்நூல் சாட்சி. கி.ரா. 1982இல் வெளியிட்ட கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியும், அவரும் நண்பர்களும் தேடித் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளும், திண்ணையில் சும்மா பேசியவர்களின் வாயிலிருந்து வந்தவை. யாரோ ஒருவர் வேலை முடிந்து சாய்ந்திருந்த பொழுதில் சொன்னதைத்தான் நாம் இன்று இலக்கியம் என்று படிக்கிறோம்.

1990களின் தொடக்கத்தில் தமிழக மாவட்டங்களில் பரவிய அறிவொளி இயக்கத்தையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். பகல் முழுதும் கூலிக்கு உழைத்த பெண்கள் இரவில் தெருவிளக்கின் கீழோ கோயில் திண்ணையிலோ அரிக்கேன் வெளிச்சத்திலோ கூடி எழுத்துக் கூட்டினர். நாம் படித்துக் களைத்து இளைப்பாற இடம் தேடுகிறோம். அவர்களோ களைத்த பின், இளைப்பாறுதலாகவே படித்தனர். பறிபோன மாலையைத் தங்கள் பெயரை எழுதுவதற்காக அவர்கள் மீட்டெடுத்தனர் என்றுதான் நாம் அதைப் புரிந்துகொள்கிறோம்.

பட்டாசு ஆலைகளின் நேரம் வேறு வகையானது. வெடிமருந்து வெப்பத்துக்கு அஞ்சும் பொருள். மருந்துக் கலவை காலைக் குளிர்ச்சியிலேயே முடிய வேண்டும். விளக்கேற்றி இரவில் செய்யும் தொழில் அன்று. எனவே பொழுது சாய்வதற்குள் ஆட்கள் வெளியே வந்துவிடுவர். அலுமினியப் பொடி படிந்து வெள்ளிச் சிலைபோல் வரும் அவர்களுக்கு முதல் இளைப்பாறுதல் குளியல்தான்: பம்புசெட்டிலோ, தண்ணீர் இருந்தால் கண்மாயிலோ. அதன்பின் டீக்கடை. டாஸ்மாக் சில்லறைக் கடைகள் 2003 இறுதியில் வந்தபின் ஆண்களில் பலருக்கு வேறொரு கடையும் வழியில் சேர்ந்துகொண்டது. அந்த இளைப்பாறுதலின் விலையைக் கொடுப்பவர்கள் வீட்டிலிருப்பவர்கள். எனினும் அந்தத் தொழிலாளி வீடு திரும்பும் ஒவ்வொரு மாலையும் ஒரு சிறு வெற்றி என்பதை மறக்கலாகாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோரும், 2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணைக்கு அருகில் அச்சங்குளத்தில் நேர்ந்த விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோரும் இறந்தனர். அவர்கள் வீட்டுக் கதவுகள் அன்று மாலை யாருக்காகவோ திறந்தே கிடந்தன.

ஓய்வு என்ற சொல்லுக்கு இங்கே ஒரு கறுப்புப் பொருளும் உண்டு. தீபாவளிக்கு முன் ஆலை மூடினால் மறுபடி திறக்கும்வரை கூலி இல்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பின், பல ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. காற்றைக் காக்க வந்த தீர்ப்பு அது. ஆயினும் அந்த மாதங்களில் ஏழாயிரம்பண்ணைப் பக்கத்தில் யாரும் இளைப்பாறவில்லை. வேலையுள்ளவனுக்கே ஓய்வு, வேலையற்றவனுக்கு அது வெறும் காத்திருப்பு. நாட்டுக்கே விடுமுறை நாட்களைச் சிவப்பெழுத்தில் அச்சிட்டு அனுப்பும் நாட்காட்டி அச்சகங்கள் சிவகாசியில்தான் இருக்கின்றன என்பதை இவ்விடத்தில் நினைக்காமலிருக்க முடியவில்லை.

இனி நம்மிடம் வருவோம். கட்டை அடைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கடல்கடந்தும் நிரல் எழுதுகின்றனர். அவர்களுக்கு விரல் ஓடுகிறது என்பது பழைய கதையின் தொடர்ச்சிதான். ஆனால் இப்போது மனமும் சேர்ந்து ஓடியாக வேண்டும். பாட்டியால் வேலைக்குள் கதை கேட்க முடிந்தது, பேத்தியால் முடியாது. ஆகவே இளைப்பாறும் வழியும் தலைகீழாகிறது. உடல் களைத்தவர் சொல்லையும் இசையையும் தேடினார். மூளை களைத்தவர் உடலைத் தேட வேண்டியிருக்கிறது. கணினியியலின் முன்னோடியான ஆலன் டூரிங் நெடுந்தூர ஓட்டக்காரராக இருந்து, 1947இல் மாரத்தானை 2 மணி 46 நிமிடங்களில் ஓடி முடித்தார் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. கையடக்கத் திரையில் களைப்பாறுவது, நாளெல்லாம் கட்டை அடைத்தவள் இரவிலும் பெட்டி ஒட்டியதற்கு ஒப்பானது. ஒரே உறுப்பை இரண்டாம் தடவை வேலை வாங்குகிறோம். இம்முறை கூலியும் இல்லை.

வீட்டுக்கு வந்துசேரும் வேலையும் புதிதன்று. இரவு பத்து மணிக்கு மேலதிகாரியின் மின்னஞ்சலுக்கு விடை எழுதுபவர், திண்ணையில் வந்திறங்கிய அந்த லேபிள் கட்டை ஒருகணம் நினைத்துக்கொள்ளலாம். சட்டம் மணிக்கணக்கை வரையறுத்தபோதும் துண்டுக்கூலி அதைத் தாண்டி வந்தது போலவே, 'இன்றே முடிக்க வேண்டும்' என்ற கெடு இன்று வாசற்படி தாண்டி வருகிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. குளிர்சாதன அறையின் களைப்பு வேறு, கந்தகத்தின் களைப்பு வேறு. எனினும் மாலையைக் காத்துக்கொள்ளத் தெரியாத சமூகம் எவ்வளவு கூலி வாங்கினாலும் ஏழைதான் என்பது இரு சாராருக்கும் பொது.

எனவே எப்படி இளைப்பாறலாம் என்ற கேள்விக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து விடை, நாம் அறிந்தவரை, இவ்வளவுதான்: முதலில் குளித்துவிட வேண்டும். பிறகு கூட ஒருவர் வேண்டும், பேசவோ பாடவோ காய் உருட்டவோ. அதற்கெல்லாம் முன்னால், இதற்குமேல் இன்று வேலை இல்லை என்று சொல்லும் உரிமை வேண்டும். முதலிரண்டும் அந்த மண்ணில் என்றும் இருந்தன. மூன்றாவதற்குத்தான் 1923இலிருந்து வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.